முன்சக்கரத்து நூல்

காலையில் சைக்கிளை நிறுத்திப் பூட்டியதும் அவள் உடனே நகர மாட்டாள். குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு முழம் நூலை எடுத்து, முன்சக்கரத்து நட்டைச் சுற்றி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு சேர்த்து இழுத்துக் கட்டுவாள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சீருடை தைக்கும் கம்பெனியில் அவளுக்குக் காஜா எடுக்கும் வேலை. பொத்தான் துளையின் ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் முடிச்சையே இங்கேயும் போட்டு, நுனியை உள்ளே செருகி விடுவாள். யார் அந்த நட்டில் ஸ்பேனர் வைத்தாலும் நூல் அறுந்தாக வேண்டும். சாயங்காலம் வந்து, நூல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சைக்கிளில் ஏறுவாள். அறுந்திருந்தால் ஏறாமல் வீடு வரை தள்ளிக்கொண்டே போவது என்று வைத்திருந்தாள்.

"என்னக்கா, சைக்கிளுக்குச் சட்டை தைக்கிறியா?" என்பாள் கூட வேலை பார்ப்பவள். காலர் வைப்பவள். வாய் ஓயாது என்பதால் கம்பெனியில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"துணி மிச்சம் இருக்கு. உனக்கும் ஒண்ணு தைக்கட்டுமா?"

"எனக்கு வேணாம். எங்க வீட்டுக்காரர் வாய்க்கு ஒரு காஜா எடுத்துக் குடு. பொத்தான் நானே வச்சுக்கறேன்."

சிரிப்பார்கள். அவள் நகர்ந்ததும் ரேடியோ மற்றவர்களிடம் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டுவதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மனதில் அதற்கெல்லாம் இடமில்லை.

கம்பெனி வாசலிலேயே சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. இருந்தும் அவள் ஒரு தெரு தள்ளிப் போய், ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு வாசலுக்கு வெளியே உள்ள இரும்புக் கம்பி வேலியில்தான் நிறுத்தினாள். அவள் கணவர் நிறுத்திய இடம் அது. ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. போன வருடம் ஒரு மாலை, வேலை முடிந்து இதே சைக்கிளில் பாலத்து இறக்கத்தில் போகும்போது முன்சக்கரம் கழன்று ஓடியது. அவர் தலை பாலத்துக் கட்டைச்சுவரில் மோதியது. சக்கரம் மட்டும் இறக்கம் முடியும்வரை தனியே உருண்டு போய், ஒரு பழக்கடையில் கூடைகளுக்கு நடுவே விழுந்ததாகச் சொன்னார்கள். இப்போதும் ஏன் அந்தக் கூடைகளே நினைவுக்கு வருகின்றன என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அதிகம் பேசவில்லை.

"சக்கரத்தை அவரே தினமும் கழட்டி மாட்டுவாராமே? அன்னிக்குச் சரியா முடுக்கியிருக்க மாட்டாரும்மா. வேற ஒண்ணும் இல்ல."

கழற்றி மாட்டியது உண்மைதான். அந்த வேலியில் நிறுத்தும் சைக்கிளுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மணி போகும், சீட்டு போகும், விளக்கு போகும். ஒரு முறை அவருடைய முன்சக்கரமே போய்விட்டது. பூட்டு போட்டிருந்த பின்சக்கரத்தையும் உடலையும் விட்டுவிட்டு, முன்பக்கத்தை மட்டும் எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். மீதி சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு எங்கே நிறுத்தினாலும் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்சக்கரத்தோடு சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டினார். கிளம்பும்போது மாட்டி முடுக்கினார். இரண்டு பேரும் சேர்ந்து பேசி எடுத்த முடிவு என்றுதான் அவள் எல்லாரிடமும் சொல்வாள்.

வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். அவரா சக்கரத்தை முடுக்காமல் ஏறுவார்? இறந்தவர் திரும்பி வந்து பேச மாட்டார் என்ற தைரியத்தில் பழியை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அவள் நெஞ்சு ஆறவில்லை.

வேலிக்கு எதிரே குடை விரித்துச் சாவி போடுகிறவர்தான் அவளுக்குப் பிடி கொடுத்தவர்.

"நான் என் கண்ணால பார்த்தேன் தங்கச்சி. அவர் சக்கரத்தை மாட்டினாரு, மூச்சைப் பிடிச்சு முடுக்கினாரு. அப்புறம் சைக்கிளை அப்படியே சாய்ச்சு வச்சுட்டு, எதுத்த மருந்துக் கடைக்குப் போனாரு. வந்தாரு, ஏறினாரு, போயிட்டாரு."

"அவர் மருந்துக் கடையில இருந்தப்ப சைக்கிள் கிட்ட யாராவது வந்தாங்களா அண்ணே?"

"அப்ப எனக்கு ஒரு கிராக்கி. தலை நிமிரல. வந்திருப்பான். இங்க வராதவன் யாரு?"

அது போதும் அவளுக்கு. அந்தக் கொஞ்ச நேரத்தில் எவனோ வந்திருக்கிறான். சக்கரத்தை எடுக்க நட்டைத் தளர்த்தியிருக்கிறான். ஆள் வரும் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறான். தளர்த்தினதைச் சொல்லாமல் ஓடியிருக்கிறான். காஜா மெஷினில் உட்கார்ந்து ஊசி ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். மெலிந்த ஆளாக, பின்பையில் ஸ்பேனரோடு, எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான் அவன். சைக்கிளை அதே வேலியில் அதே இடத்தில் நிறுத்தியது அவனுக்காகத்தான். ருசி கண்ட கை சும்மா இருக்காது, ஒரு நாள் மறுபடி வரும் என்று காத்திருந்தாள். அவன் கிடைத்தால் போலீஸ்காரரிடம் இழுத்துப் போய், "இப்பச் சொல்லுங்க, முடுக்காதது யாரு?" என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் காலையில் எழுந்தாள்.

வீட்டில் அவளும் மாமாவும்தான். கணவரின் அப்பா. நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போய் வெகு காலமாகிறது. பிள்ளை கிடையாது. போலீஸ் திருப்பிக் கொடுத்த சைக்கிளைக் கொல்லையில் போட்டு, வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி, புது அச்சோடு வேறு முன்சக்கரம் போட்டுத் தந்தவர் அவர். அவள் அதை ஓட்டப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தினமும் அவள் கிளம்புவதற்கு முன் சைக்கிள் பக்கம் போய்க் குனிந்து ஏதோ பார்த்துவிட்டு வருவார்.

"மாமா, அவன் என் கையில கிடைக்காமப் போக மாட்டான்" என்பாள் அவள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே.

"சரிம்மா. நீ சாப்பிடு."

"உங்களுக்கு ஆத்திரமே வரலையா மாமா? உங்க பிள்ளை மாமா."

"குழம்பு கொஞ்சம் ஊத்து" என்பார். அவ்வளவுதான். அவருக்கு வயதாகிவிட்டது, எல்லாம் மரத்துப்போய்விட்டது என்று எண்ணிக்கொள்வாள். அந்த எண்ணத்தில் கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

ஒரு மாலை வேலியருகே குனிந்து பார்த்தாள். நூல் இருந்தது. அறுபடவில்லை. ஆனால் முடிச்சு அவளுடையது இல்லை. அவள் போடும் முடிச்சைப் பார்த்துப் பழகிய கைதான். சுற்று சரி, இழுப்பு சரி, நுனி மட்டும் உள்ளே போகாமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. காஜாக்காரியின் கண்ணை அதில் ஏமாற்ற முடியாது. எவனோ அவிழ்த்திருக்கிறான். அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறான். அவ்வளவு துணிச்சல்.

நட்டைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்றைக்கு நோட்டம் பார்த்திருக்கிறான், நாளைக்கு வருவான் என்று தீர்மானித்தாள்.

சாவிக்காரர் முடிச்சைப் பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"மத்தியானம் நான் சாப்பிடப் போற நேரம் பார்த்து வரான் போல. விடு, நாளைக்குச் சோத்தை இங்கேயே கொண்டாந்து தின்கிறேன். வேன் டிரைவருங்க ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களையும் சொல்லி வைக்கிறேன். கையும் களவுமாப் பிடிச்சுத் தரேன், நீ வந்து மாலை போடு."

"மாலையா போடுவேன் அண்ணே?"

"செருப்பு மாலை போடு. உன் இஷ்டம்."

அன்று வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். மாமாவிடம் சொல்லவில்லை. பிடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று சோறு இறங்கியது. தட்டைக் கழுவும்போது, ஒரு வருடத்தில் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாள், சாப்பாட்டு இடைவேளை முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தபோது ரேடியோ மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, பிடிச்சுட்டாங்களாம். உன் சைக்கிள்ல கை வச்சவனை. கேட்டுல வந்து சொல்லிட்டுப் போறாங்க. நீ சொன்னப்ப நான் நம்பலக்கா."

மெஷினில் பாதி எடுத்த காஜாவோடு சட்டை அப்படியே கிடந்தது. எழுந்து நடந்தாள். தெருவைத் தாண்டும்போது நடை ஓட்டமாயிற்று.

வேலியருகே கூட்டம். உள்ளே அடி விழும் சத்தம். வேன் டிரைவர் ஒருவனின் குரல் உரக்கக் கேட்டது.

"மாமனாராம்ல. பிடிபட்டா எல்லாப் பயலும் மாமனாருதான். கேளு, அடுத்து மச்சான்னு சொல்லுவான்."

"ஸ்பேனரோட வந்து என்னடா சம்பந்தம் பேசவா வந்தே?"

சிரித்தார்கள். அவள் காதில் எதுவும் தங்கவில்லை. "தங்கச்சி வந்தாச்சு, வழி விடுங்க" என்று சாவிக்காரர் சொல்லவும் கூட்டம் விலகியது. சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் ஒருவன் முகத்தைக் கைகளுக்குள் புதைத்து, முதுகைக் காட்டிக் குறுகிக் கிடந்தான். ஒரு வருடமாக அவள் பார்த்து வந்த முதுகு. கையை ஓங்கி அந்த முதுகில் அடித்தாள். இரண்டாவது அடி கழுத்தோரம் விழுந்தது. மூன்றாவதற்குக் கையைத் தூக்கியபோது சட்டையின் காலரைப் பார்த்தாள். நைந்துபோன காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டு, கோடு பொருந்தாத துணியில் ஒட்டுக் கொடுத்துத் தைத்தது அவள்தான். கணவர் உயிரோடு இருந்தபோது தைத்தது.

மகனின் சட்டைகளை மாமாதான் போட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள்.

சாவிக்காரர், பிடுங்கி வைத்திருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மாமா மெல்ல முகத்திலிருந்து கையை எடுத்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்திருந்தது. வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "நீ வேலையை விட்டுட்டு ஏன் வந்தே?"

அதே ஆஸ்பத்திரியில்தான் கட்டுப் போட்டார்கள். வெளுப்புப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, "அவரோட அப்பாவா?" என்று கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சாவிக்காரர் வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை.

வீட்டுக்கு வந்து, அவருக்குச் சோற்றைப் பிசைந்து கரண்டியால் ஊட்டிவிட்டாள். இடது கையாலேயே தின்றுகொள்வேன் என்றவர், ஒரு வாய் சிந்தியதும் பேசாமல் வாயைத் திறந்தார். அவர் தின்று முடித்த பிறகு கேட்டாள்.

"எத்தனை நாளா மாமா?"

"நீ ஓட்ட ஆரம்பிச்சதிலிருந்து."

"பஸ் ஏறி தினமுமா?"

"ஆமா. நேத்து மட்டும் பஸ் தப்பிடுச்சு. காலையில நான் பார்த்துத்தான் அனுப்பறேன். ஆனா சாயங்காலம் பாலத்துல இறங்குவியே. அதுக்கு முன்னாடி ஒரு தரம் தொட்டுப் பார்த்துட்டா எனக்குத் தூக்கம் வரும். உன் முடிச்சை வீட்ல போட்டுப் பழகிட்டுத்தான் நூலை அவிழ்த்தேன். இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல."

"எவனோ தளர்த்திடுவான்னுதானே நான் நூல் கட்டறேன். நூல் இருந்தா எவனும் தொடலைன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

அவர் சுவரைப் பார்த்தார். "தொட்டாத்தான் நூலுக்குத் தெரியும். தானாத் தளர்ந்தா நூலுக்கு என்ன தெரியும்" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அவள் விடவில்லை. கடைசியில், "கட்டிலுக்கு அடியில என் டப்பா இருக்கு, எடு" என்றார். இரும்புச் சாமான் கிடக்கும் டப்பாவில், எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பழைய அச்சும் இரண்டு நட்டுகளும் இருந்தன. பாலத்திலிருந்து வந்த சைக்கிளின் சாமான்.

"மாட்டிப் பாரு" என்றார்.

நட்டை அச்சில் வைத்துத் திருகினாள். ஏறியது. விரலுக்கு நன்றாக இறுகினது போலவே இருந்தது. "இப்ப இழு" என்றார். இழுத்தாள். நட்டு திருகாமலே வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"உள்ள சுத்துற மரை தேஞ்சு போச்சும்மா. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, அதுல ஒண்ணும் மிச்சமில்ல. அவன் முடுக்கித்தான் இருக்கான். மூச்சைப் பிடிச்சு முடுக்கியிருப்பான். இறுகிடுச்சுன்னு கை சொல்லும். அது பொய்யி. எவனும் வரல."

காலையில் கணவர் ஆஸ்பத்திரி வேலியில் கழற்றுவார், மாலையில் மாட்டுவார். வரும் வழியில் ரொட்டி வாங்க நிறுத்தினாலும் கழற்றுவார், மாட்டுவார். பொத்தான் போட்டுப் போட்டுக் கழற்றும் சட்டையில் முதலில் சாவது காஜாதான் என்று அவளுக்குத் தெரியாதா. அவள் நட்டைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஆக, போலீஸ்காரர் சொன்னது பொய். கணவர் கவனமாகத்தான் இருந்தார். இதற்குத்தானே ஒரு வருடமாகக் காத்திருந்தாள். நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும்.

"இதை முதல்லயே எனக்கு ஏன் மாமா சொல்லல? அவர் தப்பு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஊரெல்லாம் ஒருத்தனைத் தேடிட்டு இருந்தேனே."

மாமா பதில் சொல்லாமல் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

அந்த மௌனத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. சக்கரம் இல்லாத சைக்கிளோடு கணவர் வாசலில் வந்து நின்ற அன்று இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றும் பேசவில்லை. பேசியது அவள் மட்டும்தான். பெரிய சங்கிலியாக ஒன்று வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் போட்டால் போதாதா என்று அவர் கேட்டார். நிறுத்துகிற இடத்திலெல்லாம் கழற்றி மாட்டுவதாவது என்று சலித்துக்கொண்டார். "உங்க சோம்பலுக்கு இன்னொரு சக்கரம் வாங்க முடியாது" என்று அவள்தான் சொன்னாள். பிறகு ஒவ்வொரு மாலையும் அவர் விரல்களைப் பார்ப்பாள். கிரீஸ் கறை இருந்தால்தான் டீ வரும். கறையைத் தூக்கிக் காட்டி, "பார்த்துக்கம்மா இன்ஸ்பெக்டர்" என்பார் அவர். மாமா இந்தக் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"மாமா" என்றாள். "கழட்டச் சொன்னது நான்தானே."

"இல்லம்மா" என்றார் அவர் உடனே. அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை. "நீ சொல்லாட்டியும் அவன் கழட்டியிருப்பான். சின்ன வயசிலேயே அப்படித்தான். எதையும் கழட்டிக் கையில வச்சுக்குவான்."

அப்படி ஒரு பழக்கம் கணவருக்கு இருந்ததில்லை. அவளுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அவள் "ம்" என்றாள். அச்சையும் நட்டுகளையும் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்தாள். மெஷினில் உட்கார்ந்தால் இனி யாரோடு பேசுவது என்று தோன்றியது. முதுகைக் காட்டி நின்றவன் போய்விட்டான். அவன் இருந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். மாமாவின் கையில் கட்டுப் போட்டிருந்ததால், முதல் முறையாக அவளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவர் பின்னாலேயே வந்து, இடது கையால் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள்.

"போதும்" என்றார்.

இன்னும் ஒரு திருகு திருகினாள்.

"போதும்மா. அதுக்கு மேல இறுக்கினா மரை போயிடும்."

அவள் ஸ்பேனரை எடுக்கவில்லை. எடுத்தால் சரியாக இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கை அதையே பிடித்துக்கொண்டு நின்றது. மாமாவும் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.